கூட்டணின்னு பேரு வைக்காம: சிங்கப்பூர் கப்பல் ஜெட்டி கட்டுன கதை

தானா மேரா ஃபெரி டெர்மினல்ல பிந்தான் படகு ஏறுனவங்களுக்குத் தெரியும், சாங்கி கடற்படைத் தளம் பக்கத்துலயேதான் இருக்கு. ஒரு ஸ்கூல் லீவுல ஊர்ல இருந்து வந்திருந்த மாமாவக் கூட்டிட்டுப் போனேன், அன்னைக்குன்னு பார்த்து அங்க ஒரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் கட்டியிருந்துச்சு. ஒரு எச்டிபி (அரசு அடுக்குமாடி) பிளாக்கை அப்படியே படுக்கப் போட்டு சாம்பல் பெயிண்ட் அடிச்ச மாதிரி, மேல வரிசையா விமானங்க இறக்கைய மடிச்சுக்கிட்டு நிக்குது. மாமா ஜன்னல் கண்ணாடில மூக்கை ஒட்டிக்கிட்டுப் பார்த்துட்டு "மாப்ள, இது அமெரிக்காக்காரன் பேஸா?"ன்னார். இல்ல மாமா, சிங்கப்பூர் பேஸுன்னேன். "அப்ப ரெண்டு பேரும் கூட்டணியா?" அதுவும் இல்லன்னேன். "பேஸும் இல்ல கூட்டணியும் இல்லன்னா இவன் எதுக்கு இங்க வந்து நிக்கிறான், பரோட்டா சாப்பிடவா?"

படகு பிந்தான் போய்ச் சேர்ற வரைக்கும் பேசியும் நான் சொல்லி முடிக்கல. சரி, எழுதியாவது முடிப்போம்னுதான் இது.

மொதல்ல கூட்டணின்னா என்னன்னு தெளிவு பண்ணிடுவோம், ஏன்னா டிவி விவாதத்துல எல்லாம் சிங்கப்பூரை அமெரிக்கக் கூட்டணி நாடுன்னு கூசாம சொல்லிடறாங்க. முறைப்படி கூட்டணின்னா, என்னை ஒருத்தன் அடிச்சா நீ வரணும்னு எழுத்துல இருக்கணும், அதுக்கு அவங்க ஊர் சட்டப்படி ஒப்புதலும் வாங்கியிருக்கணும். பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்காவோட அப்படி ஒண்ணு 1951ல இருந்து இருக்கு, ஜப்பானுக்கு இருக்கு, தென் கொரியாவுக்கு இருக்கு, நேட்டோக்காரங்களுக்கு 5ஆவது பிரிவு இருக்கு. சிங்கப்பூருக்கு இந்த உலகத்துல யாரோடயும் அது கிடையாது. ஒருத்தரோடயும். ஆனா சிங்கப்பூர் பைலட் அமெரிக்காவுல பறந்து பழகுறான், பிரான்ஸ்ல பழகுறான், ஆஸ்திரேலியாவுல பழகுறான், இந்தியாவுல கலைகுண்டாவுல கூட பழகியிருக்கான், காலாட்படை புருணை காட்டுல அலையுது, பீரங்கிப்படை நாசிக் பக்கத்துல சுட்டுப் பழகியிருக்கு. இத்தனை பேர் வீட்டுல சாப்பிட்டுட்டு ஒருத்தரோடயும் சம்பந்தம் பண்ணிக்காத நாடு.

இது நழுவுற புத்தியா, இல்ல கெட்டிக்காரத்தனமான்னு ரொம்ப நாளா எனக்குள்ள ஓடிட்டு இருந்த கேள்வி. இப்ப எனக்குத் தோணுறது இதுதான்: சிங்கப்பூர் யார்கிட்டயும் சத்தியம் வாங்கப் போகல, அதுக்குப் பதிலா அவங்க தினம் வந்து போறதுக்கு ஒரு காரணத்தை உண்டாக்கி வச்சுச்சு. சத்தியத்தை மீறலாம், பழக்கத்தை விடறது கஷ்டம். இந்தக் கணக்கு எப்படி உருவாச்சு, எங்க வேலை செஞ்சுச்சு, எங்க உதைச்சுச்சுன்னு பார்த்தா தெரியும்.

வீட்டுக்காரன் காலி பண்ணினப்ப

1965 ஆகஸ்ட் 9 அன்னைக்கு சிங்கப்பூர் தனி நாடா வெளில வந்தப்ப கையில இருந்தது ரெண்டே ரெண்டு காலாட்படை பட்டாலியன். ஆயிரம் பேர் இருந்தா அதிகம், அதுலயும் நிறைய பேர் மலேயாக்காரங்க. இந்தோனேசியாவோட மோதல் காலம் வேற, அதே வருஷம் மார்ச் 10ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டுல மெக்டொனால்ட் ஹவுஸ்ல குண்டு வச்சு 3 பேர் செத்திருந்தாங்க. கப்பற்படை, விமானப்படைன்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல.

லீ குவான் யூ மொதல்ல உதவி கேட்டு எழுதினது யாருக்குன்னு நினைக்கிறீங்க? இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் எகிப்து நாசருக்கும். ராணுவத்தைக் கட்டியெழுப்ப ஆள் அனுப்புங்கன்னு. சாஸ்திரி கிட்ட இருந்து வாழ்த்து வந்துச்சு, ஆள் வரல. நாசர் அங்கீகாரம் குடுத்தார், ஆள் குடுக்கல. அதுக்கப்புறம்தான் பாதுகாப்பு மந்திரி கோ கெங் சுவீ இஸ்ரேல்காரங்களுக்குப் பச்சைக்கொடி காட்டினார். சுத்தி முஸ்லிம் நாடுங்க இருக்குறப்ப இஸ்ரேல் ஆலோசகருங்க வர்றாங்கன்னு வெளில சொல்ல முடியுமா, அதனால அவங்களுக்கு "மெக்சிகோக்காரங்க"ன்னு பேர் வச்சாங்க. இது கிண்டல் இல்ல, லீயே பின்னாடி எழுதியிருக்கார். பேர் வைக்குற விஷயத்துல இந்த ஊருக்கு இருக்குற கவனம் அங்கயே ஆரம்பிச்சிடுச்சு, கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அடுத்த அடி பிரிட்டன் குடுத்தது. 1968 ஜனவரில ஹெரால்ட் வில்சன் அரசு, சூயஸுக்குக் கிழக்க இருக்குற படையை எல்லாம் 1971க்குள்ள எடுத்துடறோம்னு அறிவிச்சாங்க, அதுக்கு முந்தின வருஷம் சொன்ன கெடுவை விட சில வருஷம் முன்னாடியே. அந்தத் தளங்களாலதான் நாட்டோட மொத்த உற்பத்தியில ஏறக்குறைய 20 சதவீதம் ஓடிட்டு இருந்துச்சு, 30,000 பேருக்கு மேல நேரடி வேலை. செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பார்த்த மலையாளிங்க, தமிழருங்க குடும்பங்கள்ல பெருசுங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, வெள்ளைக்காரன் போறான்னு சொன்னப்ப வீட்டுல எப்படி இருந்துச்சுன்னு கதை கதையா சொல்லுவாங்க.

இதுல இருந்து சிங்கப்பூர் கத்துக்கிட்ட பாடத்தை யாரும் மேடை போட்டுச் சொல்லல, ஆனா அப்புறம் செஞ்ச எல்லாத்துலயும் அது தெரியுது. பிரிட்டன் கிட்ட 1957 மலேயா காலத்துலயே போட்ட முழு பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்துச்சு, அதோட நீட்சியிலதான் சிங்கப்பூரும் இருந்துச்சு. லண்டன்ல கஜானா காலியானதும் அந்தப் பேப்பரால படையைப் பிடிச்சு வைக்க முடியல. கையெழுத்து அப்படியே இருக்கு, ஆளைத்தான் காணோம்.

கலந்து பேசுவோம், அவ்வளவுதான்

1971 நவம்பர் 1ல இருந்து அந்த இடத்துக்கு வந்தது ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர். பேரையே பாருங்க, "ஏற்பாடு". ஒப்பந்தம் கூட இல்ல, அதோட அடிப்படை லண்டன்ல வெளியிட்ட ஒரு கூட்டறிக்கை. மலேசியா மேலயோ சிங்கப்பூர் மேலயோ வெளியில இருந்து தாக்குதல் நடந்தா, இல்ல நடக்கும்னு மிரட்டல் இருந்தா, அஞ்சு பேரும் உடனே கலந்து பேசி, சேர்ந்தோ தனித்தனியாவோ என்ன செய்யலாம்னு முடிவு பண்ணுவாங்களாம். பேசுறதுக்குத்தான் கடமை, வர்றதுக்கு இல்ல. கல்யாண வீட்டுல "எதுன்னாலும் ஒரு போன் போடுப்பா"ன்னு சொல்லிட்டுப் போற சித்தப்பா மாதிரி.

அப்படியிருந்தும் அது 50 வருஷத்தைத் தாண்டி ஓடுது. காரணம் அந்த வாசகம் இல்ல, பட்டர்வொர்த். பினாங்குக்கு எதிர்க்கரைல இருக்குற அந்த மலேசிய விமானத் தளத்துல இந்த ஏற்பாட்டோட கூட்டுப் பாதுகாப்புத் தலைமையகம் இருக்கு, தலைவரா ஒரு ஆஸ்திரேலிய ஏர் வைஸ் மார்ஷல் உக்காந்திருப்பார், அவருக்குக் கீழ அஞ்சு நாட்டு அதிகாரிங்களும் ஒரே ஆபீஸ்ல. வருஷா வருஷம் பயிற்சி நடக்கும். சிங்கப்பூரோட பெரிய பயமே பக்கத்து நாடுங்கதானே, அந்தப் பக்கத்து நாடே இதுக்குள்ள மெம்பர். அதுதான் இதுல இருக்குற நயம். சண்டை போடக்கூடிய ரெண்டு பேரை ஒரே ரூம்ல உக்கார வச்சு, நடுவுல மூணாவது ஆளை வச்சு, தினம் ரேடார் பார்க்க வச்சாச்சு.

எப்பவும் சுமுகம்னு நினைக்க வேணாம். 1998 பொருளாதார நெருக்கடி சமயத்துல ரெண்டு ஊருக்கும் நடுவுல உரசல் முத்தி, மலேசியா அந்த வருஷப் பயிற்சில இருந்து விலகுச்சு, சிங்கப்பூர் போர் விமானங்க தங்களோட வான்வெளில பறக்கக் கூடாதுன்னும் சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் திரும்ப வந்துட்டாங்க. எழுதின கடமைன்னு ஒண்ணு பெருசா இல்லாததால மீறினாங்கங்குற பேச்சும் இல்ல, உடைச்சாங்கங்குற பேச்சும் இல்ல. கூட்டணியா இருந்திருந்தா அது ஒரு பெரிய தேசிய அவமானமா ஆகியிருக்கும்.

இடம் இல்லாதவன் பிரச்சினை

நிலத்துல இறங்கினா வேற கணக்கு. இந்த ஊர் வடக்கு தெற்கா 27 கிலோமீட்டர் சொச்சம், ஒரு 155 மிமீ பீரங்கிக் குண்டு 20 கிலோமீட்டருக்கு மேல போகும். வடக்குப் பக்கம் மண்டாய்ல சுட்டா எங்க விழும்னு நீங்களே பார்த்துக்கோங்க. அதனால ராணுவம்னு ஒண்ணு வச்சுக்கணும்னாலே இன்னொருத்தன் மண்ணு வேணும்.

1975ல இருந்து தைவான்ல பயிற்சி ஆரம்பிச்சுச்சு, ஸ்டார்லைட்னு பேர், லீ குவான் யூவும் அப்ப தைவான் பிரதமரா இருந்த சியாங் சிங்-குவோவும் நேரா பேசி வச்சுக்கிட்டது. 1977ல இருந்து புருணை டெம்புராங் காடு. 1990ல இருந்து குயின்ஸ்லாந்துல ஷோல்வாட்டர் பே, வாலபின்னு பேர்.

இந்தக் கடைசி இடத்தை நான் பார்த்திருக்கேன், ரிசர்விஸ்ட்ல (கட்டாய ராணுவ சேவை முடிச்சவங்களைத் திரும்பக் கூப்பிடுற பயிற்சி) ஒரு தடவ அனுப்பினாங்க. ராக்ஹாம்ப்டன்ல இறங்கி பஸ்ல போறோம் போறோம் போய்ட்டே இருக்கோம், ஒரு வேலி வருது, வேலி தாண்டி இன்னும் போறோம், அதுதான் பயிற்சி ஏரியாவாம். சிங்கப்பூரை விட பல மடங்கு பெருசு. ராத்திரி குளிரும், பகல்ல புழுதி, அந்தப் புழுதி மெஸ் டின்ல, சாக்ஸ்ல, காதுக்குள்ள, ஊருக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சும் பேக்குல இருந்து கொட்டும். எங்க பிளட்டூன்ல ஒருத்தன் "டேய் இங்க ஒரு பக்கமா நடந்தா பார்டர் வராதுடா"ன்னு ஆச்சரியப்பட்டான், சிரிச்சோம், ஆனா உண்மைலயே எங்களுக்கு அது ஒரு புது அனுபவம்தான். லீவு நாள்ல டவுனுக்குப் போனா கடைக்காரம்மா நாங்க சிங்கப்பூர்னு கேக்காமலே கண்டுபிடிச்சிட்டாங்க, வருஷா வருஷம் பார்த்துப் பழகின மூஞ்சி போல.

அந்தக் கடைக்காரம்மாவை நான் சும்மா சொல்லல. 2016ல ரெண்டு நாடும் பண்ணிக்கிட்ட டீல் இது: சிங்கப்பூர் சுமார் 225 கோடி ஆஸ்திரேலிய டாலர் போட்டு ஷோல்வாட்டர் பேயையும் டவுன்ஸ்வில் பக்கம் இன்னொரு இடத்தையும் பெருசு பண்ணும், பதிலுக்கு 25 வருஷத்துக்கு வருஷம் 18 வாரம், 14,000 பேர் வரைக்கும் பயிற்சி எடுத்துக்கலாம். காசு சிங்கப்பூருது, நிலம் ஆஸ்திரேலியாவுது, கட்டுறதை ரெண்டு படையும் பயன்படுத்தும். முறையான ஒப்பந்தமா 2020 மார்ச்சுல கையெழுத்தாச்சு. நடுவுல ஒரு கூத்து, நிலத்தை விரிவு பண்றோம்னு அங்க இருந்த மாட்டுப் பண்ணைக்காரங்க இடத்தைக் கட்டாயமா எடுக்கப் போறாங்கன்னு பேச்சு வந்து, விவசாயிங்க கொந்தளிச்சு, 2017 ஆரம்பத்துல ஆஸ்திரேலிய அரசு பின்வாங்கி, விருப்பப்பட்டு விக்கிறவங்க கிட்ட மட்டும் வாங்குறோம்னு சொல்லிடுச்சு. அந்த ஊர் விவசாயிக்குப் பிடிக்கலன்னா எங்க ஊர் பீரங்கிக்கு இடமில்ல. கூட்டணி ஒப்பந்தம் இருந்திருந்தாலும் இது இப்படித்தான் நடந்திருக்கும், அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்.

பேஸ் இல்ல, ஜெட்டி

இப்ப மாமாவோட கேள்விக்கு வருவோம்.

1980கள் கடைசில பிலிப்பைன்ஸ்ல இருந்த கிளார்க், சுபிக் பே தளங்க மேல அங்க எதிர்ப்பு ஏறிட்டே போச்சு. அமெரிக்கா இந்தப் பக்கத்துல இருந்து மொத்தமா போயிடுமோன்னு சிங்கப்பூருக்கு பயம், ஏற்கனவே ஒருத்தன் காலி பண்ணிப் பார்த்த வீடு இது. 1989ல, எங்ககிட்ட கொஞ்சம் வசதி பண்ணித் தரோம்னு வெளிப்படையா சொன்னாங்க. மலேசியாவுல கத்துனாங்க, இந்தோனேசியாவுலயும் முணுமுணுப்பு. இதுல வேடிக்கை, அதுக்கு முந்தின வருஷம்தான் உள்நாட்டு அரசியல்ல தலையிட்டார்னு சொல்லி ஒரு அமெரிக்கத் தூதரக அதிகாரியை சிங்கப்பூர் வெளியேத்தியிருந்துச்சு. ஒரு கையால வெளிய தள்ளிட்டு இன்னொரு கையால வாங்க வாங்கன்னு கூப்பிட்ட கதை, ஆனா ரெண்டுமே சீரியஸாத்தான்.

1990 நவம்பர் 13ஆம் தேதி டோக்கியோவுல லீ குவான் யூவும் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேலும் ஒரு புரிந்துணர்வுக் குறிப்புல கையெழுத்துப் போட்டாங்க. அந்த மாசக் கடைசில லீ பிரதமர் பதவில இருந்து இறங்கிட்டார், கிட்டத்தட்ட கடைசி வேலை இது. வாஷிங்டன்ல அப்ப சிங்கப்பூர் தூதர் எஸ்.ஆர். நாதன், பின்னாடி ஜனாதிபதி ஆன நம்ம ஆளு. குறிப்புல என்ன இருந்துச்சு? பாய லேபார் விமானத் தளத்தையும் செம்பவாங் துறையையும் அமெரிக்கப் படைங்க பயன்படுத்திக்கலாம். பேஸ் குடுக்கல, வாடகைக்கு விடல, கொடி ஏத்த விடல. இடம் என்னோடது, நீ வந்து போ, அவ்வளவுதான்.

நேரம் அப்படியே வாய்ச்சுச்சு. 1991ல பினாடுபோ எரிமலை வெடிச்சு கிளார்க் தளம் சாம்பல்ல மூடுச்சு, அதே வருஷம் செப்டம்பர் 16ல பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 ஓட்டுல தள ஒப்பந்தத்தைத் தோற்கடிச்சுச்சு, 1992 நவம்பர்ல அமெரிக்கா சுபிக்கை விட்டுப் போச்சு. இத்தனைக்கும் 1951 கூட்டணி ஒப்பந்தம் அப்படியே உயிரோட இருந்துச்சு! கூட்டணி இருந்த ஊர்ல பேஸ் போச்சு, கூட்டணி இல்லாத ஊருக்கு 1992ல அமெரிக்கக் கடற்படையோட மேற்கு பசிபிக் தளவாடக் கமாண்ட் சுபிக்ல இருந்து செம்பவாங்குக்கு மாறி வந்துச்சு. கத்தின அக்கம்பக்கத்துக்காரங்களும் அப்புறம் அமெரிக்கக் கப்பல் ரிப்பேர் வேலைக்குத் தங்களோட யார்டைத் திறந்து விட்டாங்க, காசு யாருக்குக் கசக்கும்.

1994ல மைக்கேல் ஃபே விவகாரம். கார் மேல பெயிண்ட் அடிச்ச அமெரிக்கப் பையனுக்குப் பிரம்படி, கிளின்டனே வேணாம்னு கேட்டுக்கிட்டார், 6 அடியை 4 அடியா குறைச்சு அடிச்சே தீர்த்தாங்க. அமெரிக்கப் பத்திரிகைங்க கொதிச்சுது. செம்பவாங்ல தளவாட ஆபீஸ் அடுத்த நாளும் திறந்து வேலை பார்த்துச்சு. எனக்கு இந்த மொத்தக் கேஸ்லயும் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா மேல என்ன சண்டை நடந்தாலும் கீழ கப்பலுக்கு எண்ணெய் ஊத்துறவன் ஊத்திட்டே இருக்கான்.

அடுத்ததுதான் பெரிய காய். சாங்கில கடலைத் தூர்த்து புது கடற்படைத் தளம் கட்டுறப்ப, சிங்கப்பூர் கிட்ட ஒரு விமானந்தாங்கிக் கப்பல் கூட கிடையாது, வாங்குற எண்ணமும் இல்ல. ஆனா விமானந்தாங்கிக் கப்பல் நேரா வந்து கட்டுற அளவுக்கு ஆழமும் நீளமும் வச்சு ஒரு ஜெட்டி, அதாவது கப்பல் நிறுத்துற துறைமேடை, கட்டுனாங்க. சொந்தக் காசுல. 1998ல அமெரிக்கா அதைப் பயன்படுத்திக்கலாம்னு குறிப்போட ஒரு இணைப்பு சேர்த்தாங்க, 2001 மார்ச்சுல கிட்டி ஹாக் கப்பல் வந்து கட்டுச்சு. அதுக்கு முன்னாடி அந்த சைஸ் கப்பல் வந்தா வெளிக்கடல்ல நங்கூரம் போட்டுட்டு ஆளுங்களைச் சின்னப் படகுல ஏத்தி இறக்கணும். கார் இல்லாதவன் வீட்டுல லாரி நிக்கிற அளவுக்கு போர்ட்டிகோ கட்டுன மாதிரி, பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனம், ஆனா லாரிக்காரன் இனிமே வேற தெருவுக்குப் போக மாட்டான்.

2003 வாக்குல பேர் வைக்கிற சமாச்சாரம் வந்துச்சு. நேட்டோவுக்கு வெளில இருக்குற முக்கியக் கூட்டாளின்னு அமெரிக்கா ஒரு பட்டம் வச்சிருக்கு, அந்த வருஷம் தாய்லாந்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் குடுத்தாங்க. சிங்கப்பூருக்கும் தர்றோம்னாங்க. சிங்கப்பூர் வேணாம்னுடுச்சு. சும்மா கிடைக்கிற பட்டத்தை யாராவது வேணாம்பாங்களா? ஆனா அந்தக் "கூட்டாளி"ங்குற ஒரு வார்த்தை ஜகார்த்தாவுலயும் கோலாலம்பூர்லயும் பெய்ஜிங்லயும் எப்படிக் கேக்கும்னு யோசிச்சா புரியும். இராக் போர் நடந்துட்டு இருந்த நேரம் வேற. அதுக்குப் பதிலா 2005 ஜூலை 12ல புஷ்ஷும் லீ சியன் லூங்கும் ஒரு உத்திசார் கட்டமைப்பு ஒப்பந்தம் போட்டு, சிங்கப்பூருக்குன்னே தனியா "முக்கிய பாதுகாப்பு ஒத்துழைப்புப் பங்காளி"ன்னு ஒரு பேரைச் செஞ்சாங்க. நாக்கு சுளுக்கிக்கும், ஆனா அதுல கூட்டாளிங்குற சொல் இல்ல, விஷயம் அவ்வளவுதான். 2016ல இந்தியாவுக்கும் அமெரிக்கா இதே மாதிரி ஒரு பேரைப் புதுசா செஞ்சு குடுத்துச்சு.

கொடுக்கல் வாங்கல் ஒருவழி இல்ல. 1993ல அரிசோனாவுல லூக் தளத்துல சிங்கப்பூர் எஃப்-16 படைப்பிரிவு ஆரம்பிச்சுச்சு, பின்னாடி ஐடஹோவுல எஃப்-15. டெக்சஸ்ல சினூக் ஹெலிகாப்டர் பிரிவு இருந்தப்ப 2005ல கத்ரீனா புயல் அடிச்சுது, அந்த சினூக் 4 போய் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஆளுங்களைத் தூக்கிட்டு வந்துச்சு. வல்லரசுக்காரன் வீட்டு வெள்ளத்துல இந்தக் குட்டி ஊர் ஹெலிகாப்டர் கயிறு இறக்கினதை அங்க இருக்கிறவங்க மறக்கல.

9 டெரெக்ஸ்

இதுவரைக்கும் படிச்சா சிங்கப்பூர் ரொம்ப சாமர்த்தியம்னு தோணும். 2016 நவம்பர் 23க்கு வாங்க.

தைவான்ல பயிற்சி முடிச்ச 9 டெரெக்ஸ் கவச வண்டி, கவோசியுங்ல இருந்து சாதாரண சரக்குக் கப்பல்ல ஊருக்குத் திரும்பி வந்துட்டு இருந்துச்சு. வழில ஹாங்காங் க்வாய் சுங் துறைமுகத்துல சுங்கக்காரங்க பிடிச்சு வச்சுட்டாங்க. ஒவ்வொரு வண்டியும் எட்டு சக்கரம், மேல தார்ப்பாய் சுத்தி கயிறு கட்டி, கன்டெய்னர் யார்டுல வரிசையா நிக்கிற போட்டோ வெளில வந்துச்சு. கோர்ட்டுல நிக்கிற பையனைப் பார்க்கிற அப்பன் மாதிரி இருந்துச்சு எங்களுக்கு. நானே அந்த வண்டிக்குள்ள உக்காந்து முட்டி இடிச்சிருக்கேன்.

தேதியைக் கவனிங்க. அந்த வருஷம் ஜூலை 12லதான் தென் சீனக் கடல் வழக்குல சீனாவுக்கு எதிரா தீர்ப்பு வந்துச்சு, சர்வதேசச் சட்டத்தை மதிக்கணும்னு சிங்கப்பூர் சொல்லிச்சு, சீனாவுக்குப் பிடிக்கல. செப்டம்பர்ல சீனப் பத்திரிகை ஒண்ணுக்கும் சிங்கப்பூர் தூதருக்கும் பகிரங்கமா கடிதச் சண்டையே நடந்துச்சு. வண்டி பிடிபட்டதும் பெய்ஜிங், தைவானோட எந்த ராணுவத் தொடர்பும் வேணாம், ஒரே சீனா கொள்கையை (தைவானும் சீனாவோட பகுதிதாங்குறதை) மதிங்கன்னு சொல்லிடுச்சு. தைவான் பயிற்சி 1975ல இருந்து நடக்குது, 1990 அக்டோபர்ல சீனாவோட தூதரக உறவு வைக்கும்போதே அவங்களுக்கு நல்லாத் தெரியும். இத்தனை வருஷம் கண்டும் காணாம இருந்த விஷயம், தேவைப்படுற அன்னைக்குக் கண்ணுல பட்டுச்சு.

இங்கதான் பேரு வைக்காத உறவோட பலவீனம். எழுதாம ஓடுற விஷயம் ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிற வரைக்கும்தான் ஓடும். இந்த நிலைமைல அமெரிக்காவைக் கூப்பிடவும் முடியாது, தைவானைக் கூப்பிடவும் முடியாது, ஏன்னா யாரும் வர்றதா சொல்லல. சிங்கப்பூர் செஞ்சது ஒரே காரியம்: இது ஒரு இறையாண்மையுள்ள நாட்டோட சொத்து, எந்த நாட்டுச் சட்டப்படியும் இதைப் பறிமுதல் பண்ண முடியாதுன்னு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. லீ சியன் லூங் ஹாங்காங் தலைமை நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார். கத்தல, மிரட்டல, மன்னிப்பும் கேக்கல. 2017 ஜனவரி 24ல விடுறோம்னாங்க, 30ஆம் தேதி வண்டிங்க ஊர் வந்து சேர்ந்துச்சு. அந்தக் கப்பல் கம்பெனிக்கும் கேப்டனுக்கும் அப்புறம் ஹாங்காங் கோர்ட்டுல தண்டனை கிடைச்சுது, அதாவது லைசென்ஸ் இல்லாம ஏத்திட்டு வந்தவன் மேலதான் தப்புன்னு கணக்கை முடிச்சாங்க, ரெண்டு அரசுக்கும் முகம் மிஞ்சுச்சு. அதே வருஷம் மே மாசம் பெய்ஜிங்ல நடந்த பட்டுப்பாதை மாநாட்டுக்குப் பிரதமர் போகல, அப்ப மந்திரியா இருந்த லாரன்ஸ் வோங்தான் குழுவோட போனார், அது என்ன அர்த்தம்னு இங்க காபிக்கடைல எல்லாருக்கும் புரிஞ்சுது.

அப்புறம் சீனா கூட உறவு அறுந்து போச்சான்னா அதுவும் இல்ல. 2008லயே ரெண்டு பேருக்கும் பாதுகாப்புப் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கு, 2009ல இருந்து ராணுவக் கூட்டுப் பயிற்சியும் உண்டு. 2019 செப்டம்பர் 23ல நியூயார்க்ல லீ சியன் லூங் ட்ரம்போட உக்காந்து அந்த 1990 குறிப்பை 2035 வரைக்கும் நீட்டினார், அடுத்த மாசமே சீனாவோட ஒப்பந்தத்தையும் விரிவுபடுத்திக் கையெழுத்து போட்டாங்க. ஒரு மாச இடைவெளில ரெண்டு வீட்டுப் பந்திலயும் இலை போட்டு உக்காந்த மாதிரி. இதைத் தற்செயல்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

இந்தியா, அப்புறம் பக்கத்து வீடு

1965ல ஆள் அனுப்பாத இந்தியா பின்னாடி மண்ணே குடுத்துச்சு. கடற்படைப் பயிற்சி 1994ல இருந்து நடக்குது, சிம்பெக்ஸ்னு பேர், நிறைய தடவ நம்ம வங்காள விரிகுடாவுலதான். 2003ல பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம், 2005ல பபீனாவுலயும் தேவ்லாலிலயும் ராணுவத்துக்கு இடம், 2007ல கலைகுண்டாவுல விமானப்படைக்கு. வெளிநாட்டுப் படை தன் டாங்கியையும் விமானத்தையும் கொண்டு வந்து வச்சுப் பழகுறதுக்கு இந்தியா இடம் குடுக்கிறது ரொம்ப அபூர்வம். கூட்டணிங்குற வார்த்தையே அலர்ஜியான டெல்லிக்கு, கூட்டணி கேக்காத ஒருத்தன் வந்தது வசதியா போச்சு.

பக்கத்து வீட்டு விஷயம் இதைவிடச் சிக்கல். மலாக்கா நீரிணைல கடற்கொள்ளை ஜாஸ்தியாகி, 2004ல இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூணும் சேர்ந்து ரோந்து ஆரம்பிச்சாங்க, அவங்கவங்க தண்ணில அவங்கவங்க சுத்துவாங்க, தகவல் மட்டும் பங்கு. 2005 ஜூன்ல லண்டன் இன்சூரன்ஸ்காரங்க இந்த நீரிணையைப் போர் அபாயப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க, 2006 ஆகஸ்ட்ல எடுத்தாங்க. ரோந்து வேகமெடுத்ததுக்குப் பாதி காரணம் அந்த பிரீமியம்தான்னு எனக்கு எண்ணம். ஆனா இதே இந்தோனேசியா 2014ல தன் போர்க்கப்பல் ஒண்ணுக்கு உஸ்மான் ஹாருன்னு பேர் வச்சுச்சு, மெக்டொனால்ட் ஹவுஸ் குண்டு வச்சதுக்காக 1968ல சிங்கப்பூர் தூக்குல போட்ட ரெண்டு பேர் பேர். அந்தக் கப்பல் எங்க தளத்துக்குள்ள வரக்கூடாதுன்னாங்க. 2007ல கையெழுத்தான இந்தோனேசியப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமலுக்கே வராம தூங்குச்சு, 2022ல பிந்தான்ல புதுசா போட்டு, வான்வெளி விவகாரம், குற்றவாளி ஒப்படைப்பு எல்லாத்தோடயும் சேர்த்துக் கட்டி, 2024 மார்ச் 21ல நடைமுறைக்கு வந்துச்சு. பதினேழு வருஷம். அடுத்த தெருவுல இருக்கிறவனோட ஒரு பேப்பர் போடறது அரிசோனாவோட போடறதை விடக் கஷ்டம்.

மத்த சின்ன நாடுங்க இதைக் காப்பி அடிக்கலாமான்னு கேட்டா, எனக்கு சந்தேகம். சாங்கி இருக்குற இடம் வேற எங்கயும் இல்ல, ஜெட்டி கட்ட காசு வேணும், சொந்தமா ஒரு ராணுவம் இருந்தாத்தான் உன்னை வச்சு எவனும் பயிற்சி பண்ணுவான். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைல பிறந்து இங்க முதல் வெளியுறவு மந்திரியா இருந்த ராஜரத்தினம் காலத்துல, 1970லயே சிங்கப்பூர் அணிசேரா இயக்கத்துல சேர்ந்துடுச்சு. அணிசேரான்னா தூரமா நிக்கிறதுன்னு பல நாடு எடுத்துக்கிச்சு, இவங்க எல்லார் பக்கத்துலயும் போய் நிக்கிறதுன்னு எடுத்துக்கிட்டாங்க. அப்படி நிக்கிறதுக்குச் செலவு ஆகும்.

தீராத கேள்வி ஒண்ணு உண்டு, மாமாவே திரும்பி வர்ற படகுல கேட்டார். "நாளைக்கு சீனாவும் அமெரிக்காவும் முட்டிக்கிட்டா இந்தக் கப்பல் இங்க வந்து எண்ணெய் போடுமா?" ரெண்டு அரசும் இதுக்கு வெளில பதில் சொன்னதில்ல, சொல்லாம இருக்கிற வரைக்கும்தான் இந்த ஏற்பாட்டுக்கு உயிர். அப்படி ஒரு நாள் வந்தா ஆம்னாலும் இல்லன்னாலும் ஏதோ ஒரு வீட்டுப் பந்தில இலை போயிடும். சிங்கப்பூர் இதுவரைக்கும் கட்டின எல்லாமே அந்த நாள் வராம இருக்கணுங்குற நம்பிக்கைல கட்டினதுதான்னு மாமாகிட்ட சொன்னேன், அவர் "அது சரி"ன்னுட்டு கொறிக்க வாங்கின கடலையைப் பிரிச்சார்.

சிங்கப்பூர் ஆர்டர் குடுத்த 20 எஃப்-35 விமானத்துக்கான பயிற்சி ஆர்கன்சாஸ்ல ஃபோர்ட் ஸ்மித்ல. குவாம் தீவுலயும் விமானப்படைக்கு இடம் பேசி 2019 டிசம்பர்ல கையெழுத்தாகியிருக்கு. 1990 குறிப்பு 2035ல முடியுது, என் பையன் இப்ப பிரைமரி டூ, ஏறக்குறைய அதே வருஷம்தான் அவனுக்கும் என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) லெட்டர் வரும்.